ரெண்டரை மணிக் கொடி

அந்தக் காலை அப்படித் தொங்கப் போட்டு உக்காராதீங்க. இந்தாங்க, இந்த ஸ்டூலை இழுத்து மேல வெச்சுக்கங்க. கூச்சப்படாதீங்க, இங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் உக்காருவாங்க. கெண்டைக்கால்தானுங்களே? நீங்க கதவைத் தொறந்து வர்றப்பவே பாத்துட்டேன். முட்டி நோவுக்காரங்க ஒரு மாதிரி நடப்பாங்க, இடுப்பு நோவுன்னா ஒரு மாதிரி. கெண்டைக்கால்காரன் குதிகாலைக் கீழ வைக்காம, குழந்தை தூங்கற ரூமுக்குள்ள போற மாதிரி வருவான்.

எத்தனையாவது தடவை? மொதல் தடவையா? அப்ப நல்லதுங்க. எனக்கு இது நாலாவது. வயசு அறுபத்திமூணு, பேரு தெய்வசிகாமணி. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனில முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன். ரிட்டயர் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஓட ஆரம்பிச்சேன். சர்க்கரைக்காக ஆரம்பிச்சது. அப்புறம் சர்க்கரை மறந்து போச்சு, ஓட்டம் மட்டும் ஒட்டிக்கிச்சு.

மறுபடி எப்ப ஓடலாம்னுதானே கேக்க வந்தீங்க? தெரியுமுங்க. இங்க வர்றவங்க ஒருத்தரும் வலி எப்பப் போகும்னு கேக்கமாட்டாங்க. இங்க பிசியோதெரபி பாக்கற ரேச்சல் டாக்டர் உங்களுக்கு ஆறு வாரம்னு சொல்லும். சின்னப் பொண்ணுதான், ஆனா சொல்றதைக் கேளுங்க. நான் கேக்கலை. மொதல் தடவை ரேஸ் கோர்ஸ் நடைபாதைல மூணாவது ரவுண்டு ஓடிட்டிருக்கேன், பின்னாடி இருந்து யாரோ கல்லெடுத்து வீசின மாதிரி கெண்டைக்கால்ல சுளீர்னுச்சு. திரும்பி, "எவன்டா அவன்"னு கத்திப்போட்டேன். பின்னாடி வந்தது ஒரு ரிட்டயர்டு ஜட்ஜு. அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போனேன். கல்லும் இல்லை, ஒண்ணும் இல்லை. தசை உள்ளார கிழிஞ்சிருந்துது.

ஆறு வாரம்னாங்க, நான் மூணாவது வாரம் ஓடினேன். ரெண்டாவது தடவை கிழிஞ்சுது. எட்டு வாரம்னாங்க, அஞ்சாவது வாரம் ஓடினேன். மூணாவது தடவை. "உங்க கால் சொன்ன பேச்சைக் கேக்குது சார், நீங்கதான் கேக்கறதில்லை"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. வீட்டுலயும் அதேதான். என்ற வீட்டுக்காரி ருக்மணி ஐஸ் பையைத் தூக்கி மடில போட்டுட்டு, "ஓடலைன்னா உங்களுக்குச் சோறு எறங்காதா"ன்னு கேப்பா. எறங்காதுங்க. நெசமாலுமே எறங்காது.

ஆனா உங்ககிட்ட நான் சொல்ல வந்தது காலைப் பத்தி இல்லைங்க. காலைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா எங்கியோ சுத்திக்கிட்டு போயிருவேன். அது எனக்குப் பழக்கமாயிருச்சு.

கொடிக்காரன்னா என்னன்னு தெரியுங்களா? நீங்க பெரிய ஓட்டத்துல கலந்துக்கிட்டதில்லையா? சரி, சொல்றேன். இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம்னு வெச்சுக்கங்க. அதுல ரெண்டு மணி நேரத்துல முடிக்கறதுக்குன்னு ஒரு ஆளு, ரெண்டேகாலுக்கு ஒரு ஆளு, ரெண்டரைக்கு ஒரு ஆளுன்னு நிறுத்துவாங்க. முதுகுல ஒரு கொடி கட்டியிருக்கும், அதுல நேரம் பெருசா எழுதியிருக்கும். ரெண்டரை மணில முடிக்க ஆசைப்படறவங்க அந்தக் கொடி பின்னாடியே ஓடினாப் போதும். கணக்குப் பாக்க வேண்டாம், வாட்சைப் பாக்க வேண்டாம். கொடியைப் பாத்தாப் போதும். எங்க பாஷைல அதை பஸ்ஸுன்னு சொல்லுவோம். கொடிக்காரன்தான் டிரைவர்.

நாலு வருஷமா ரெண்டரை மணிக் கொடி என்ற முதுகுலதானுங்க. எங்க ஓட்டக்காரங்க குரூப் செக்ரட்டரி குழந்தைவேல் சார் எல்லார் கிட்டயும் சொல்லுவாரு, "தெய்வசிகாமணி கொடி பிடிச்சா கடிகாரத்தை அதைப் பாத்து வெச்சுக்கலாம்"னு. நாலு வருஷமும் ரெண்டரைக்கு அரை நிமிஷம் முன்னாடி, பத்து செகண்டு முன்னாடி, அப்படித்தான் கோட்டைத் தாண்டுவேன். பின்னாடி வர்ற புள்ளைங்க கோட்டைத் தாண்டினதும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்குவாங்க. ஒரு ஐ.டி. கம்பெனிப் பையன் என்ற காலைத் தொட்டுக் கும்பிட்டான். கம்பெனில முப்பத்தோரு வருஷம் இருந்தேன், ஒருத்தன் காலைத் தொட்டதில்லை. பீஸை ரிஜெக்ட் பண்றவன் காலை எவன் தொடுவான்?

அந்த பஸ்ஸுல வருஷா வருஷம் வர்றவங்க வசந்தாமணி அம்மணி. எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி வீடு. வயசு அறுபத்தொண்ணு, தபால் ஆபீஸ்ல இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனாங்க. மொதல் வருஷம் ரெண்டு மணி முப்பத்தாறு நிமிஷம். அப்புறம் முப்பத்திமூணு. போன வருஷம் முப்பத்தொண்ணே சொச்சம். ஒவ்வொரு தடவையும் கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல கொடி அவங்களை விட்டுட்டுப் போயிரும். "ஏனுங்ணா, உங்க கொடியைத் தொடற தூரத்துல வந்துட்டனுங்ணா"ன்னு சிரிப்பாங்க. எனக்கே பாவமா இருக்கும். ஆனா நிக்கக் கூடாதுங்களே. ஒருத்தருக்காகக் கொடி நிக்கக் கூடாது.

இந்த வருஷம் அவங்களுக்கு முட்டில ஜவ்வு தேஞ்சு போச்சுன்னுட்டாங்க. எலும்பு டாக்டர் ஓட்டத்தை விடச் சொன்னாரு. அம்மணி ரொம்பக் கெஞ்சி ஒரே ஒரு ஓட்டத்துக்கு அனுமதி வாங்கிட்டாங்க. டிசம்பர் ஓட்டம், அதோட சரி, அப்புறம் நடைதான். எங்கிட்ட வந்து சொன்னாங்க. "கடைசி ஓட்டமுங்ணா. ரெண்டரைக்குள்ள ஒரே ஒரு தடவை. எனக்கு ஒண்ணும் வேண்டாம், அந்த நம்பர் என் பேருக்கு நேரா இருந்தாப் போதும்"னாங்க. ஏழு மாசம் அதுக்காகப் பயிற்சி எடுத்தாங்க. அக்டோபர் மாசம் நான் கூடவே ஓடிப் பாத்தேனுங்க. இந்தத் தடவை சுலபமா வருவாங்க. கால் நெறைய தெம்பு இருந்துது.

நான் என்ன சொன்னேன்? "என்ற பின்னாடி வாங்க அம்மணி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னேன்.

ஓட்டத்துக்கு மூணு வாரம் இருக்கறப்ப, ஒரு செவ்வாக்கிழமை, வீட்டு மாடிப்படி ஏறறப்ப கெண்டைக்கால் மறுபடி சுளீர்னுச்சு. ஓடறப்பக்கூட இல்லைங்க, மாடிப்படில. கைல காயப்போடற துணி. ஒருத்தர் கிட்டயும் சொல்லலை. ருக்மணி கிட்டயே சொல்லலைன்னா பாத்துக்கங்க. இங்க வந்தா ரேச்சல் டாக்டர் வேண்டாம்னு சொல்லும்னு இங்கயும் வரலை.

எங்க குரூப்ல ஒரு வழக்கம் உண்டுங்க. கொடி பிடிக்கறவங்க அத்தனை பேரும் ஓட்டத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரேஸ் கோர்ஸ்ல எல்லார் முன்னாடியும் உடம்பு நல்லாருக்குன்னு சொல்லணும். கால்ல காயம் பட்டவங்க செஞ்சே காட்டணும். ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலை எக்கி எக்கி இறக்கணும், வலியில்லாம இருபத்தஞ்சு தடவை. உங்களுக்கும் அதுதான் பரிச்சை, ரேச்சல் டாக்டர் அதுல பாஸானாத்தான் ஓட விடும். வீட்டுல நான் பாத்தப்ப எடது கால்ல பதினொண்ணுதான் வந்துது.

குழந்தைவேல் சார், "கால் எப்படிங்க தெய்வம், ஒரு இருபத்தஞ்சு காட்டிருங்க"ன்னாரு. அம்பது பேர் சுத்தி நிக்கறாங்க. நான் காட்டினேன். முப்பது எக்கினேன். எல்லாரும் கை தட்டினாங்க.

வலது கால்லங்க.

சிரிக்காதீங்க. சிரிச்சுக்கங்க, பரவாயில்லை, எனக்கே அப்பச் சிரிப்புத்தான் வந்துது. எந்தக் கால்ல அடிபட்டதுன்னு யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? கம்பெனில ஒருத்தன் நல்ல பீஸைக் காட்டி ஓட்டைப் பீஸை உள்ள தள்ளப் பாத்தான்னு அவனை மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பினவன் நான். கை தட்டினவங்கள்ல அம்மணியும் இருந்தாங்க. நல்லா ஓங்கித் தட்டினாங்க.

ஏன் அப்படிப் பண்ணினேன்னு கேக்கறீங்க. நீங்க கேக்கலை, நானே கேட்டுக்கறேன். வேற ஆளே இல்லையான்னா, இருந்தாங்க. சூலூர்க்காரர் ஒருத்தர் ரெண்டு வருஷமா அந்தக் கொடிக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. நல்ல ஆளு, கணக்கா ஓடுவாரு. அதுதான் எனக்குப் பயம். ஒரு வருஷம் குடுத்துட்டா திரும்பி வராதுங்க. கொடி இல்லைன்னா நான் யாரு? காலையில பால் வாங்கப் போற ஒரு கெழவன். இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. ஆனா நெசம் அதுதான்.

ஓட்டத்தன்னிக்கு இறுக்கமா ஒரு கட்டு கட்டி, மேல நீளமா சாக்ஸை இழுத்து விட்டுக்கிட்டேன். காலையில அஞ்சரைக்கு விட்டாங்க. என்ற பின்னாடி நாப்பது பேரு. பாதிப்பேரு மொதல் தடவை ஓடற புள்ளைங்க. எட்டு கிலோமீட்டர் வரைக்கும் அச்சுப் பிசகாமப் போச்சு. ஒம்பதுல கால் இறுக ஆரம்பிச்சுது. பாலத்துல ஏறறப்ப, நான் அந்தப் பாலத்தைக் குத்தம் சொல்லலை, வருஷா வருஷம் ஏறற பாலந்தான், ஆனா ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்திதானுங்க... பாத்தீங்களா, மறுபடி ஆரம்பிச்சுட்டேன். பன்னெண்டுல கிழிஞ்சுது. கிழிஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. நாலு தடவை ஆனவனுக்குத் தெரியாதா?

கொடிக்காரனுக்கு முடியலைன்னா என்ன செய்யணும்னு ஒரு ஒழுங்கு இருக்குதுங்க. கொடியைச் சுத்திக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ஓரமா நின்னுரணும். அவ்வளவுதான். கொடி இறங்கிட்டா பின்னாடி வர்றவங்க அவங்கவங்க வாட்சைப் பாத்து ஓடிக்குவாங்க. கொஞ்சம் பதறுவாங்க, ஆனா ஓடிக்குவாங்க. கையைப் பின்னாடி கொண்டுபோயி அந்தக் கொடியை உருவறதுக்கு எவ்வளவு நேரமாகும்? நான் உருவலை. வேகத்தைக் குறைச்சுக்கிட்டேன். நான் குறைச்சதும் பின்னாடி அத்தனை பேரும் குறைச்சாங்க. விவரம் தெரிஞ்ச ஏழெட்டுப் பேரு மட்டும் முந்திப் போயிட்டாங்க.

பதினாலாவது கிலோமீட்டர் போர்டுகிட்ட அம்மணி பக்கத்துல வந்தாங்க. மூச்சே வாங்கலை அவங்களுக்கு. "ஏனுங்ணா, என் வாட்சுல ரெண்டு நிமிஷம் பிந்திக் காட்டுதே, சரியாத்தான் போறமுங்களா?"ன்னாங்க.

அப்பச் சொல்லியிருக்கலாம். "நீங்க போங்க அம்மணி"ன்னு ஒரு வார்த்தை. அந்த ரெண்டு நிமிஷத்தை அவங்க சுலபமா எடுத்திருப்பாங்க. நான் சொன்னேன், "கணக்கு எங்கிட்ட இருக்குது அம்மணி. கடைசில எடுத்துக்கலாம். நம்பி வாங்க."

"சரிங்ணா"ன்னுட்டு பின்னாடி போயிட்டாங்க. கைல வாட்சு கட்டியிருக்கறவங்க, வாட்சை விட்டுட்டு என்னை நம்பினாங்க.

ரெண்டு மணி நாப்பத்திமூணு நிமிஷத்துல கோட்டைத் தாண்டினோம். ரெண்டரைன்னு எழுதின கொடியோட. மைக்குல பேசறவர் கொடியைப் பாத்துட்டு, மேல கடிகாரத்தைப் பாத்துட்டு, "வாழ்த்துகள், வாழ்த்துகள்"னு மட்டும் சொன்னாரு. அம்மணி மெடலை வாங்கிக்கிட்டுப் போயி பிளாட்பாரத்துல உக்காந்து ஷூவைக் கழட்டினாங்க. ரெண்டு ஷூவோட லேஸையும் சேத்து முடிச்சுப் போட்டு, மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் பக்கத்துல போனேன். "பரவால்லீங்ணா"ன்னாங்க. அழுகை எல்லாம் இல்லை. அழுதிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

குழந்தைவேல் சார் ஓடி வந்து, "என்னாச்சு தெய்வம்"னாரு. என்ற வாயில இருந்து, நெசமாலுமே யோசிக்கவேயில்லைங்க, தானா வந்துது. "வாட்சு சதி பண்ணிருச்சு சார். பாலத்துக்கிட்ட சாட்டிலைட் சிக்னல் போயி தூரத்தை ஜாஸ்தியாக் காட்டிருச்சு. நான் அதை நம்பிக் குறைச்சுட்டேன்"னேன். அப்படியே நம்பிட்டாங்க. நாலு வருஷம் கணக்கா ஓடினவனை நம்பாம வாட்சையா நம்புவாங்க? மறுநாள் சார் என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு, வாட்சைக் காட்டணும்னு. அவரு வண்டி நிறுத்தற எடம் தேடிட்டிருக்கறப்ப நான் மட்டும் உள்ள போனேன். கடைக்காரர் சோதிச்சுப் பாத்துட்டு, "ஒரு பழுதும் இல்லீங்களே"ன்னாரு. நான் வெளிய வந்து, "சரி பண்ணிட்டாங்க சார்"னேன். அவரு அதை குரூப்புல போட்டாரு. பதினேழு பேரு கை கூப்பி அனுப்பினாங்க. அம்மணியும் ஒரு கும்பிடு அனுப்பினாங்க.

கால் ரெண்டு நாள்ல கறுத்து வீங்கிருச்சு. ஓடி முடிச்சப்புறம் மாடிப்படில சுளுக்கிக்கிச்சுன்னு சொன்னேன். பாருங்க, மாடிப்படி நெசந்தான், தேதிதான் பொய். இங்க வந்து சேந்தேன், திங்கள், புதன், வெள்ளி. எடது கால்ல கியர் போட முடியாதுங்களே, பைக் ஓட்ட வழியில்லை. அம்மணிக்கும் முட்டிக்கு இங்கதான் வைத்தியம், அதே நாள், அதே நேரம். "எதுக்குங்ணா ஆட்டோ, நான் அந்த வழியாத்தானே போறேன்"னு அவங்க ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டாங்க. ஆறு வாரம் அவங்க பின்னாடி உக்காந்து வந்தேன். வேகத்தடை வந்தா மெதுவா ஏத்தி எறக்குவாங்க, என்ற கால் அதிரக் கூடாதுன்னு. எறங்கறப்ப என்ற பையை அவங்க வாங்கிக்குவாங்க.

நடுவுல ஒருநாள் ஓட்டத்துல எடுத்த போட்டோ எல்லாம் வந்துது. நம்ம நம்பரைத் தட்டினா நம்ம படம் வரும். பதினேழாவது கிலோமீட்டர் படம் ஒண்ணு. நான் மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு வர்றேன், கொடி தலைக்கு மேல நேரா நிக்குது. பின்னாடி அம்மணி. அவங்க வாட்சைப் பாக்கலை, ரோட்டைப் பாக்கலை. குனிஞ்சு என்ற எடது காலைப் பாத்துக்கிட்டு வர்றாங்க. அந்தப் படத்தை எத்தனை தடவை பெருசு பண்ணிப் பாத்தேன்னு எனக்கே தெரியாது. அடுத்த நாள் காலையில ஹாரன் அடிச்சாங்க, நான் போயி ஏறி உக்காந்துக்கிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை என்ற வீட்டு கேட்டுல எறக்கி விட்டுட்டு, வண்டியை ஆஃப் பண்ணினாங்க. எப்பவும் ஆஃப் பண்ணமாட்டாங்க. ஹெல்மெட்டைக் கழட்டினாங்க.

"ஏனுங்ணா, பதினேழுலயே நான் பாத்துட்டனுங்க. அப்பக்கூட நான் வேகமாப் போயிருந்தா வந்திருக்கும். உங்க நடையைப் பாத்தா எங்க விழுந்துருவீங்களோன்னு இருந்துது. சுத்தி எல்லாம் சின்னப் புள்ளைங்க, விழுந்தா யாராவது பக்கத்துல இருக்கோணுமில்லைங்களா, அதனால கூடவே வந்தேன். அதுக்கு எனக்கு வருத்தமில்லீங்ணா"ன்னாங்க. கொஞ்ச நேரம் ஹெல்மெட் வாரைத் திருகிக்கிட்டே இருந்தாங்க. "ஆனா நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கறேன்"னாங்க.

இதுக்கு மேல ஒருத்தர் கதவைத் தொறந்து விட முடியுங்களா? சொல்லுங்க. தொறந்து விட்டுட்டு ஓரமா நிக்கறாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "இல்லை அம்மணி, அந்த வாட்சுதான்..."ன்னேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமை காலையில போன் பண்ணி, எனக்கில்லை, ருக்மணிக்குப் பண்ணி, சாயங்கால நேரத்துக்கு மாத்திக்கிட்டேன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கும் இன்னிக்கும் டவுன் பஸ்ஸுலதான் வந்தேனுங்க. நிக்கத்தான் எடம் கெடைச்சுது.

சித்த முன்னாடி ரேச்சல் டாக்டர் சோதிச்சுப் பாத்துச்சு. எடது கால்லதான், ரெண்டு தடவை கேட்டுக்கிட்டு எடது கால்லதான் பாத்துச்சு. இருபத்தஞ்சு வந்துது. நல்லா ஆறிருச்சுன்னுச்சு. ஆனா ஓட்டம் இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான், நாளையில இருந்து ரேஸ் கோர்ஸ்ல நடக்கலாம்னு சொல்லுச்சு. பணம் கட்டற சீட்டுக்காகத்தான் உக்காந்திருக்கறேன்.

அம்மணி தெனமும் காலையில அஞ்சே முக்காலுக்கு அங்கதான் நடக்கறாங்க. இனி அவங்களுக்கு நடைதானே. ஓடறவனா இருந்தா மூச்சு வாங்கற மாதிரி கையைக் காட்டிட்டு ஓடிப் போயிரலாம். நானும் நடக்கோணும். அதே ரோடு, அதே வேகம்.

நேத்துல இருந்து சொல்லிச் சொல்லிப் பாக்கறேனுங்க. ருக்மணி, "யாருகிட்டப் பேசறீங்க"ன்னு கேக்கறா. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, தப்பு இருந்தா. "அம்மணி, பன்னெண்டாவது கிலோமீட்டர்ல கால் போயிருச்சு, அதனால..." இல்லை. இது சரியில்லை. மறுபடி கால் வந்துருச்சு. இருங்க. "அம்மணி, வாட்சு நல்லாத்தான் இருந்துது. நீங்க கேட்டீங்க, நான் பொய் சொன்னேன்."

இவ்வளவுதாங்க. ரெண்டே வரி. ஆறு வாரம் அவங்க பின்னாடி உக்காந்து வந்தேனே, லட்சுமி மில் சிக்னல்ல ஒரு செவப்பு விழுந்தா, அது பச்சையாகறதுக்குள்ள சொல்லி முடிச்சிருக்கலாம்.